கொதித்தாலும் சாகாத கத்தரி

மூன்றாவது டியூபும் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஆறாவது மாடியின் கடைசி அறையில், கையுறைக்காரி தன் கையிலிருந்த படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாள். படத்தில் கோடுகள் விழுந்திருக்க வேண்டும். மீசை ஒதுக்கியது போலத் திருத்தமான கறுப்புக் கோடுகள். விழுந்திருந்ததோ, எழுதிய மை காய்வதற்குள் எவனோ ஈர விரலால் மேலிருந்து கீழே இழுத்துவிட்டது போன்ற ஒரு கறை. முதல் டியூபிலும் இதே கறை. இரண்டாவதிலும் இதே கறை. நாலு டியூப்தான் இருந்தது. மிச்சம் ஒன்று. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மருத்துவமனையில் குழு கூடுகிறது.

அவளுக்குக் கையுறைக்காரி என்று பெயர் வைத்தது யாரோ ஒருத்தர் இல்லை. ஏழு மாடிக் கட்டடமும் ஒன்றுகூடி வைத்தது. வேலை அப்படி. அவள் கையாளுவது ஆர்.என்.ஏ. உலகத்தில் அதைவிடச் சொகுசான சாமான் கிடையாது. அதை வெட்டிப் போடும் நொதி நம் எல்லார் தோலிலும் இருக்கிறது, வியர்வையில் இருக்கிறது, எச்சிலில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளை வெட்டட்டும் என்று உடம்பு பூசிவைத்திருக்கும் காவல். ஆனால் அந்தக் காவலுக்கு நல்ல ஆர்.என்.ஏ., கெட்ட ஆர்.என்.ஏ. என்ற பேதம் தெரியாது. வெறும் விரல் ஒன்று பட்டால் போதும், எட்டு மாத உழைப்பு எட்டு நிமிடத்தில் தூள். அதனால் அவள் காய்கறிக் கடைக்கும் கையுறை போட்டுத்தான் போவாள், கல்யாண ஆல்பத்தையும் கையுறை போட்டுத்தான் புரட்டுவாள். கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று கையுறையைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்ன பதிவாளரை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை.

அந்த நாலு டியூபும் யாருடையவை என்பதுதான் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல். கட்டடத்தின் லிஃப்ட்காரருக்கு நாலு வயதில் ஒரு மகள். இதயம் பலூன் போல வீங்கி, துடிப்பு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் இரண்டு நோய்களைச் சந்தேகப்பட்டார். ஒன்று என்றால், வேறு இதயம் வைத்தாலும் அதையும் தின்றுவிடும், வைத்துப் பயனில்லை. மற்றது என்றால், புது இதயம் வைத்தால் பிள்ளை ஓடி விளையாடும். இரண்டில் எது என்று ஆர்.என்.ஏ.வைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். குழுவுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாமல் பட்டியலில் பெயர் ஏறாது. பிள்ளையின் இதயச் சதையிலிருந்து மிளகளவு எடுத்து அனுப்பினார்கள்; வந்த அன்றே அதிலிருந்து அவள் பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.தான் அந்த நாலு டியூப். இன்னொரு முறை மயக்க மருந்து கொடுத்தால் அந்த இதயம் தாங்காது என்று கையோடு சொல்லியும் அனுப்பினார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, மிளகு வந்த நாளன்று, லிஃப்ட்காரர் அவளை ஆறாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது கேட்டார். பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டிக்குள் நிற்கும் மனிதர். மூச்சு விடும் சத்தத்தை வைத்தே யார் எந்த மாடி என்று சொல்லிவிடுவார். இரண்டாவது மாடிக்காரருக்கு இன்றைக்குப் பல்வலி என்றுகூடச் சொல்வார் என்று பேச்சு.

"மேடம், அந்த ஆர்.என்.ஏ.ன்னா என்னன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்களேன். டாக்டர் சொன்னாரு. தலய ஆட்டிட்டு வந்துட்டேன்."

"இப்படி வச்சுக்கங்கண்ணே. ஏழாவது மாடில ஒரு பெரிய புஸ்தகம். அத வெளிய எடுக்கக் கூடாது. கீழ வேல செய்யுறவங்களுக்குத் தேவையான பக்கத்த மட்டும் ஒரு சீட்டுல காப்பி எடுத்து லிஃப்ட்ல அனுப்புறாங்க. அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ."

"அத எதுக்கு வெட்டணும்?"

"சீட்டு நீளமா வரும். நாலஞ்சு சமாச்சாரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். சரியான எடத்துல வெட்டிப் பிரிச்சாத்தான் உபயோகம். அதுக்கு ஒரு கத்தரி. வேல முடிஞ்ச சீட்டக் கிழிச்சுப் போடுறதுக்கு வேற கத்தரி. கிழிக்கலன்னா கீழ இருக்கிறவன் அதையே பாத்துப் பாத்துச் செஞ்சுக்கிட்டே கிடப்பான். சீட்டு எத்தன நேரம் உசிரோட இருக்குதோ அத்தன நேரந்தான் வேல நடக்கும்."

லிஃப்ட்காரர் நாலாவது மாடிவரை யோசித்தார். "அப்ப புஸ்தகத்துல என்ன எழுதியிருந்தாலும், கத்தரி வச்சிருக்கிறவன்தான் முதலாளின்னு சொல்லுங்க."

எட்டு வருடம் கருத்தரங்குகளில் கேட்ட எந்தப் பேச்சிலும் இவ்வளவு நறுக்கென்று ஒருத்தர் சொல்லி அவள் கேட்டதில்லை.

"பாப்பாவுக்கு அந்த மொதல் கத்தரி வெட்டலயோன்னு சந்தேகம்," என்றாள். "அப்படின்னா, அவ இதயத்துல வெட்டாத நீளச் சீட்டெல்லாம் குப்ப மாதிரிக் குவிஞ்சு கிடக்கும். அத நான் படம் எடுத்துக் காட்டிட்டாப் போதும். புது இதயம் வைக்கலாம்."

"எடுத்துருவீங்களா?"

"எடுத்துருவேண்ணே," என்று சொல்லித் தொலைத்தாள்.

முதல் டியூப் போன நாளிலிருந்து லிஃப்டில் ஏறுவதை விட்டாள். ஆறு மாடிக்கும் படி. நூற்று முப்பத்திரண்டு படி. உடம்புக்கு நல்லது என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். ஐந்தாவது மாடியில் நின்று இரைக்க இரைக்கச் சொன்னதால் ஒருவரும் நம்பவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவள் போட்ட ஆட்டத்தைக் கட்டடம் இன்றும் சொல்லிச் சிரிக்கும்; அன்று சிரித்தவர் யாருமில்லை. தண்ணீரை மாற்றினாள், உப்பை மாற்றினாள், மேசையை மூன்று விதக் கரைசலால் கழுவினாள். துடைப்பக்காரம்மாவின் துடைப்பத்தை வாசலோடு நிறுத்தினாள். குளிரூட்டியின் வாயில் துணி கட்டினாள். பேசினால் எச்சில் தெறிக்கும் என்று அறைக்குள் பேச்சுக்குத் தடை போட்டாள். ஆய்வகத் தலைவரான பெரியவர், எட்டிப் பார்த்து "என்னம்மா ஆச்சு" என்று கேட்க வாயெடுத்தபோது, அவர் வாயைத் தன் கையாலேயே பொத்திவிட்டாள். நாற்பது வருடப் பணிக்காலத்தில் அவர் வாயை அடைத்த முதல் ஆள் அவள்தான். அவர் பேசாமல் திரும்பிப் போனார். அதிர்ச்சியா நிம்மதியா என்று சொல்ல முடியாத முகம்.

சாயங்காலம் வீட்டில் முக்கால் அவளுக்காகக் காத்திருந்தார்.

முக்கால் அவள் கணவர். எதையும் முழுசாய்ச் செய்யாதவர் என்பதால் வந்த பெயர். சோம்பேறித்தனம் இல்லை, அது ஒரு கொள்கை. தம்ளரில் ஒரு விரல்கடை விட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். சட்டையில் கடைசிப் பொத்தான் போடமாட்டார். செய்தித்தாளில் கடைசிப் பக்கம் பார்க்கமாட்டார். "முழுசா நெறஞ்சுட்டா அப்புறம் அங்க போறதுக்கு என்ன இருக்கு?" என்பார். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதும் அவள் தலைக்கு மேல் கொண்டுவந்து முக்கால் தூரத்தில் நிறுத்திவிட்டார் என்றும், அவள்தான் எக்கி வாங்கிக்கொண்டாள் என்றும் சொந்தக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

அவருக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை, இரண்டாவது மாடியில். அவர் பார்ப்பது டி.என்.ஏ. விதியின் குறும்பைப் பாருங்கள்: அவருடைய வேலைக்கு ஆர்.என்.ஏ. என்பது குப்பை. அதை ஒழிக்க அவர் மேசையில் ஒரு பழுப்பு பாட்டில் இருந்தது, உள்ளே, ஆர்.என்.ஏ.வை வெட்டித் தள்ளும் அதே கத்தரி, லட்சோப லட்சமாய். அவர் பிழைப்பு இவளுக்கு நஞ்சு. அதனால் அந்த வீட்டில் எல்லைக்கோடு உண்டு. அவர் வேலைச் சட்டை வாசலுக்கு வெளியே தொங்கும். அவள் பையை அவர் தொடக்கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

அன்று அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமலே அழுதாள்.

"மூணாவதும் போயிருச்சுங்க."

"ஏதாவது நான் செய்யட்டுமா?" என்றார்.

"நீங்க எதையும் தொடாம இருந்தாலே பெரிய ஒத்தாச."

"ஒத்தாசதான, அத எப்பவோ செஞ்சுட்டேன்," என்று என்னவோ சொல்ல வந்து, வழக்கம்போல முக்காலில் நிறுத்திக்கொண்டார். அவள் அப்போது அதைக் கவனித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது மாடித் திருப்பத்தில் லிஃப்ட்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் படியில் உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. மழைக்கு ஒதுங்கிய மீன் போல இருந்தார். லிஃப்ட் கீழே ஆளில்லாமல் நின்றது.

"நீங்க லிஃப்ட்ல வர மாட்டேங்கிறீங்க. அதான் நான் படில வந்தேன்."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன மிச்சம் மேடம்?"

"ஒண்ணு."

அவர் தலையை ஆட்டினார். "நேத்து அவளுக்குச் செருப்பு வாங்கிட்டு வந்தேன். பெரிய அளவு. ஏன்னு கேட்டா. வளந்ததும் போட்டுக்கன்னேன். நான் அப்படிச் சொன்னதும் அவங்கம்மா எழுந்து உள்ள போயிட்டா."

"என் அறைல எங்கயோ வெட்டுதுண்ணே. எங்கன்னு தெரியல."

"வேடிக்கதான். அவ உடம்புல வெட்டணும், வெட்டல. உங்க டியூப்ல வெட்டக் கூடாது, வெட்டுது. அங்க இருக்கிறத இங்கயும் இங்க இருக்கிறத அங்கயும் மாத்தி வச்சாப் போதும். அதுக்கு லிஃப்ட் இல்ல." எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "கீழ ஆள் நிப்பாங்க. நீங்க ஏறுங்க. நான் கேக்க மாட்டேன்."

கேட்கமாட்டேன் என்று அவர் சொன்னது, தினமும் கேட்பதைவிடக் கனமாக இருந்தது. மிச்சமிருந்த அறுபத்தாறு படியில் ஒவ்வொன்றும் ஒரு மாடி உயரம்.

மேலே போனதும் அவள் அழுவதை நிறுத்திவிட்டு, முதல் டியூப் போனபோதே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். ஈஸ்டிலிருந்து எடுத்த மலிவான ஆர்.என்.ஏ. அவளிடம் கொட்டிக்கிடந்தது, பறிபோனாலும் பரவாயில்லாத சரக்கு. துல்லியம் தேவையில்லாததால், நெருப்பில் சுட்ட கண்ணாடிக் குழாயாலேயே அதை எட்டு டியூபில் பிரித்தாள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் உப்பு, ஒன்றில் சாயம் என்று அறையிலிருந்த ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு டியூபோடு உறவாட விட்டாள். திருடர்களை ஆளுக்கொரு அறையில் அடைத்து, எந்த அறையில் பொருள் குறைகிறது என்று பார்ப்பது போல. எட்டாவது டியூபில், வேறு எதுவும் தோன்றாமல், துளி உறிஞ்சும் பிப்பெட்டின் மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் டிப் ஒன்றைப் போட்டு ஊறவைத்தாள். டிப்பின்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளே கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கி, நீராவியில் வேகவைத்து, பூட்டிய அலமாரியில் வைப்பது. வேலியைப் போய் யார் சந்தேகப்படுவார்?

உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம். பிறகு ஜெல் என்னும் கூழ்ப் பலகையில் ஓட்டிப் படம் எடுத்தாள்; அதில் குட்டைத் துண்டு கீழே ஓடும், நீளமானது மேலேயே நிற்கும்.

ஏழு டியூபும் கோடு கோடாய், மணி மணியாய் நின்றன. எட்டாவது கறை.

அவள் அலமாரியைத் திறந்து டிப் பெட்டிகளை வெளியே எடுத்தாள். ஒரு பெட்டிக்குத் தொண்ணூற்றாறு ஓட்டை. இன்னும் ஒரு டிப்பும் எடுக்காத பெட்டியைத் திறந்தாள்; தொண்ணூற்றைந்து டிப்தான் இருந்தது. வலது கீழ் மூலையில் ஒரு ஓட்டை காலி. இரண்டாவது பெட்டியிலும் வலது கீழ் மூலை காலி. மூன்றாவதிலும்.

பத்துப் பெட்டியிலும் அந்த ஒரே மூலை. யாரோ வேண்டுமென்று முழுசாய் நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள்.

மூன்று வாரமாய் அவள் கை அந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறது. காலி மூலையை அவள் கண் பார்க்காமல் இல்லை. களைப்பில், முந்தி ஒன்றை எடுத்திருப்போம் என்று நினைத்தாள். பெட்டிகள் எப்போது நிரம்பின என்றுகூட யோசிக்கவில்லை, நாம்தானே நிரப்பியிருப்போம். ஊரையெல்லாம் வாயைப் பொத்தச் சொன்னவளுக்கு, வீட்டுக்குள்ளிருந்து கை நீளும் என்று எப்படித் தோன்றும்?

பெட்டியை எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கினாள். முக்கால் மேசையில் டியூபுகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"இத யாரு நெரப்பினது?"

அவர் முகம் மலர்ந்தது. பரிசு வாங்கப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளையின் மலர்ச்சி. "கண்டுபிடிச்சுட்டியா? சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"எப்ப?"

"அந்த மிளகு வந்த வாரம். ஞாயித்துக்கிழம. டிப் அடுக்கக்கூட நேரமில்லன்னு அழுதுக்கிட்டே தூங்கிட்ட. உன் சாவிய எடுத்துட்டு வந்து பத்துப் பெட்டியும் அடுக்கி வச்சேன். வெறும் கையால இல்ல. கையுறை போட்டுத்தான். நீராவில ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா வச்சேன்."

"எந்தக் கையுறை?"

அவர் திரும்பி மேசையைப் பார்த்தார். பழுப்பு பாட்டிலுக்குப் பக்கத்தில் கையுறைப் பெட்டி. ஒரு நாளைக்கு இருபது முறை, பாட்டில் தொட்ட விரல்கள் நுழைந்து நுழைந்து, அதன் வாய் பழுப்பேறிக் கிடந்தது.

"நான் ரெண்டு தடவ கொதிக்க வச்சேனே," என்றார். குரல் பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

"உங்க பாட்டில மாசா மாசம் எதுக்குங்க கொதிக்க வைக்கிறீங்க?"

"மத்த நொதியெல்லாம் செத்துப் போறதுக்கு. இது ஒண்ணுதான் கொதிச்சாலும்..."

உலகத்தில் எத்தனையோ பேருக்கு அந்த விஷயம் தெரியாது; அவர்கள் அந்தத் தப்பைச் செய்யவும் முடியாது. கொதித்தாலும் சாகாது என்பதற்காகவே மாதம் தவறாமல் அதைக் கொதிக்கவைக்கும் ஒருத்தர்தான், பெண்டாட்டியின் கண்ணீரைப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொதிக்கவைத்தால் எல்லாம் சுத்தம் என்று நம்பியிருக்கிறார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்காரும்போது ஸ்டூல் அங்கே இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை.

"மூணு டியூப்புங்க," என்றாள் அவள், கத்தாமல். கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"என்ன அடிச்சுரு."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அடிக்கிறேன். இப்ப, கம்பெனில சீல் வச்ச டிப் பெட்டி, பிரிக்காதது ஒண்ணு வேணும். எங்க கிடைக்கும்?"

ஸ்டோரில் கேட்டார்கள்; அடுத்த வாரம் என்றார்கள். ஒவ்வொரு மாடியாகக் கேட்டார்கள். எல்லாம் பிரித்தவை, எல்லாவற்றிலும் பத்துப் பேர் கை. புருஷனும் பெண்டாட்டியும் கடைசியில் பெரியவர் அறையில் போய் நின்றார்கள். அவர் கண்ணாடி அலமாரியில், கேடயங்களுக்கு நடுவில், ஏழு வருடமாக ஒரு டிப் பெட்டி வீற்றிருந்தது. எப்போதோ வந்துபோன ஒரு விருந்தாளி கொடுத்தது. சீல் பிரிக்காதது. வெள்ளியில் செய்தது போல அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

"அது ஞாபகப் பொருள்," என்றார் பெரியவர்.

முக்கால் நடந்ததைச் சொன்னார். எதையும் முக்காலில் நிறுத்துகிறவர், அதை ஒன்றுவிடாமல் முழுசாய்ச் சொன்னார். கையுறைப் பெட்டியின் பழுப்பு வாய்வரை சொன்னார். பெரியவர் அலமாரியைத் திறந்து, மகளைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் மாதிரி, இரண்டு கையாலும் அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"காலிப் பெட்டியத் திருப்பிக் கொடுத்துடும்மா," என்றார்.

புதன்கிழமை காலை. நாலாவது டியூப் பனிக்கட்டியின்மேல் இருந்தது. ஒரு துளியில் பாதிதான் உள்ளே. அறைக்குள் அவள் மட்டும். அவள் நோட்டுப் புத்தகத்தையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று முடிவாகிவிட்டதால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே முக்கால் நின்றுகொண்டு, செய்முறையைப் பெரிய எழுத்தில் தாள் தாளாக எழுதிக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்டியதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வார், எதையும் தொடவில்லை என்பதற்கு அத்தாட்சியாக. தாழ்வாரத்தில் போனவர்கள் ஏதோ கொள்ளைக்காரன் பிடிபட்டுவிட்டான் என்றே நினைத்தார்கள்.

உப்பு. சாயம். சூடு. மறுபடி பனிக்கட்டி. அவள் மூச்சையும் அளந்து விட்டாள். ஆரோக்கியமான ஒருவரின் ஆர்.என்.ஏ. ஜெல்லின் முதல் குழியில் இறங்கியது. அடுத்தது பிள்ளையுடையது. அவள் டியூபின் மூடியைத் திறந்தாள். டிப் மாட்டுவதற்குப் பிப்பெட்டை நீட்டினாள்.

எட்டு வருடப் பழக்கம் என்பது பொல்லாத சாமான். கண் டியூபைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கை எப்போதும் டிப் பெட்டி இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகும். போன இடத்தில் பெரியவரின் பெட்டி இல்லை. நேற்றுச் சண்டைக்குச் சாட்சியாகக் கீழே தூக்கிக்கொண்டு போய், மறுபடி மேலே கொண்டுவந்து, அதே களைப்பில் அதே இடத்தில் அவளே வைத்த பழைய பெட்டி இருந்தது. வலது கீழ் மூலை காலி.

கண்ணாடியில் இடி இடித்தது.

அவள் நிமிர்ந்தாள். கைகள் இரண்டும் மேலே தூக்கியபடி இருக்க, முக்கால் நெற்றியால் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தார். கட்டடமே அதிர்ந்தது என்றும், ஏழாவது மாடியில் பூச்சு உதிர்ந்தது என்றும் பிறகு சொன்னார்கள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை, அறையில் பேசக்கூடாது என்ற தடையை வெளியிலிருந்தும் கடைப்பிடித்தார். கண் மட்டும் அந்தப் பெட்டியையே காட்டியது.

பிப்பெட் மூக்குக்கும் டிப்புக்கும் நடுவில் அரிசி நீளம்தான் இருந்தது.

அவள் பிப்பெட்டை வைத்தாள். பழைய பெட்டியை எடுத்துக் குப்பையில் போட்டாள். கையுறையைக் கழற்றிப் புதிது மாட்டினாள். மேசையை மறுபடி மூன்று கரைசலாலும் கழுவினாள். அதற்குப் பதினோரு நிமிடம் ஆனது. பிறகு ஏழு வருட ஞாபகப் பொருளின் சீலைக் கிழித்தாள்.

புதனன்று ஜெல் ஓடியது. சாயங்காலம் அதிலிருந்ததைத் தாளுக்கு மாற்றினாள். வியாழனன்று அந்தத் தாளை, சீட்டைத் தேடிப் பிடிக்கும் கரைசலில் ஊறவைத்தாள்; எந்தச் சீட்டு தேவையோ அதில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு மின்னும் கரைசல். ஊறுவதற்கு ஒரு முழு நாள். அந்த ஒரு நாளில் அவள் பேசியது மொத்தம் நாலு வார்த்தை, அதில் இரண்டு "வேணாம்". முக்கால் நெற்றியில் வீக்கத்தோடு வீட்டில் நடமாடினார். தம்ளரில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, தன் குற்றத்துக்குப் பிராயச்சித்தமாக, சிந்தாமல் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். முடியவில்லை, சிந்திவிட்டது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்குப் படம் வந்தது.

கறை இல்லை. ஆரோக்கியமானவரின் வரிசையில், கீழே, குட்டையாக, கறுப்பாக ஒரு கோடு: வெட்டி முடித்த சீட்டு. பிள்ளையின் வரிசையில் அதே இடத்தில் கண் இமை மயிர் அளவுக்கு ஒரு நிழல். மேலே, வெகு மேலே, கரிக்கட்டியால் இழுத்தது போலத் தடித்த கோடு. வெட்டப்படாத நீளச் சீட்டுகள், மலையாய்.

அவள் படத்தை மருத்துவருக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, பத்து மணியைப் பார்த்தாள், பத்தரையைப் பார்த்தாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. மருத்துவர் இரண்டே வாக்கியம் பேசினார்.

அவள் தாழ்வாரத்துக்கு வந்து லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். முதல் டியூப் போன பிறகு முதல் முறை. கதவு திறந்தது. லிஃப்ட்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு பொத்தான்களைப் பார்த்தார். கதவு மூடியது.

"வெட்டலண்ணே," என்றாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"பாப்பாவோட கத்தரி வெட்டல. சுத்தமா வெட்டல. படத்துல நல்லாத் தெரியுது. டாக்டர் நெனச்ச ரெண்டுல, புது இதயம் வைக்கலாம்னாரே, அந்த வியாதிதான்."

தன் மகளுக்கு நோய்தான், சந்தேகமில்லாத நோய்தான் என்று ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொல்ல, அதைக் கேட்ட தகப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப பட்டியல்ல..."

"ஏறிருச்சு. இப்பதான் சொன்னாங்க."

"இதயம் எப்ப வரும்?"

"அது தெரியாதுண்ணே. நாளைக்கும் வரலாம். வராமலும்..." அவளும் முக்காலில் நிறுத்தினாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, அந்தக் கையுறைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கண்ணீரிலும் அந்த நொதி உண்டு. வேறு நாளாயிருந்தால் கையுறைக்காரி கையை உதறிவிட்டுக் கரைசலைத் தேடி ஓடியிருப்பாள். அவள் அசையாமல் நின்றாள். கையுறைகள் நனைந்து, மணிக்கட்டு வழியாக உள்ளேயும் இறங்கியது.

லிஃப்டும் அசையாமல் நின்றது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை. நாலாவது மாடியில் லிஃப்டைக் கூப்பிடும் மணி அடித்தது, பிறகு முதல் மாடியில், பிறகு எல்லா மாடியிலும். இரண்டாவது மாடியிலிருந்து முக்காலின் குரல் கேட்டது.

"லிஃப்ட்ல யாரு? நான் எதையும் தொடல. யாராவது வந்து இந்தப் பொத்தான அழுத்துங்களேன்."